மண்டையோட்டுச் சின்னமும் ஒரு கேப்டனின் குரலும்: 'ட்ரோபா டி எலீட்' படத்தின் பின்னணி

2007 ஆகஸ்டில் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவின் நடைபாதைக் கடைகளில் ஒரு திருட்டு டிவிடி விற்பனைக்கு வந்தது. வசன வரிகள் சேர்ப்பதற்காக அனுப்பப்பட்ட பிரதியிலிருந்து கசிந்த அந்தப் படம் அப்போது எந்தத் திரையரங்கிலும் வெளியாகியிருக்கவில்லை. 'உயரடுக்குப் படை' என்று பொருள்படும் 'ட்ரோபா டி எலீட்' என்பது அதன் பெயர். அக்டோபரில் முறைப்படி வெளிவருவதற்குள் 1 கோடிக்கும் அதிகமானோர் அதைத் திருட்டுப் பிரதியில் பார்த்துவிட்டதாக மதிப்பிடப்பட்டது. அதன் பிறகும் 24 லட்சத்துக்கும் மேற்பட்டோர் காசு கொடுத்துத் திரையரங்கில் பார்த்தனர். வேறு ஆவணப்படங்களையும் போலீஸ் பயிற்சிக் காட்சிகளையும் வெட்டி ஒட்டி, அவற்றுக்கு 'இரண்டாம் பாகம்' என்று பெயரிட்டு விற்ற வியாபாரிகளும் உண்டு. அடுத்த பிப்ரவரியில் இப்படம் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதைப் பெற்றது. அரசியல் சினிமாவின் மூத்தவர்களுள் ஒருவரான காஸ்டா காவ்ராஸ் நடுவர் குழுத் தலைவராக இருந்து அளித்த விருது அது. அதே விழாவில் அதைப் பார்த்த விமர்சகர்களில் சிலர் பாசிசப் படம் என்று எழுதினர். போலீஸின் அழுகலைத் தோலுரித்த படம் என்றும், போலீஸின் கொலைகளுக்குக் கொடிபிடித்த படம் என்றும் ஒரே படம் இரு விதமாகப் படிக்கப்பட்டது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, அதை எடுத்தவர்களையும், கதை நடக்கும் 1997ஆம் ஆண்டின் ரியோவையும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கதையை யார் சொல்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

இயக்குநர் ஜோசே பாடில்யா இதற்கு முன் எடுத்தது, 2002இல் வந்த 'ஓனிபுஸ் 174' என்ற ஆவணப்படம். 2000 ஜூன் 12 அன்று ரியோவில் ஓர் இளைஞன் பேருந்தொன்றில் பயணிகளைப் பணயக் கைதிகளாகப் பிடித்து வைத்தான். பல மணி நேரம் நாடே தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. முடிவில் பணயமாக இருந்த ஒரு பெண் உயிரிழந்தார். பிடிபட்ட இளைஞன் போலீஸ் வண்டிக்குள்ளேயே மூச்சுத் திணறடித்துக் கொல்லப்பட்டான். தெருவில் வளர்ந்த அந்த இளைஞன், 1993இல் கண்டெலாரியா தேவாலயத்தின் முன் உறங்கிக்கொண்டிருந்த சிறுவர்களைப் போலீஸ்காரர்கள் சுட்டுக்கொன்றபோது உயிர் தப்பியவன். அந்த ஆவணப்படம் அவனுடைய பக்கத்திலிருந்து கதையைச் சொன்னது. சம்பவத்தைக் கையாண்ட போலீஸ்காரர்களின் பக்கத்திலிருந்து அடுத்த படத்தைச் சொல்வது என்று பாடில்யா முடிவு செய்தார். கொல்லப்பட்ட அந்த இளைஞனின் குடும்பப் பெயர் நாசிமென்டோ. புதிய படத்தின் நாயகனான போலீஸ் கேப்டனுக்கும் அதே பெயர்.

திரைக்கதையில் பங்கேற்ற ரோட்ரிகோ பிமென்டெல், ரியோ மாநிலத்தின் சிறப்பு நடவடிக்கைப் பிரிவான 'போபே'யில் கேப்டனாக இருந்தவர். பணியிலிருந்த காலத்திலேயே, 1999இல் வந்த 'ஒரு தனியார் போரின் செய்திகள்' என்ற ஆவணப்படத்தின் கேமரா முன் அமர்ந்து, இந்தப் போருக்கு முடிவே தெரியவில்லை என்ற தொனியில் பேசியிருந்தார். பிமென்டெலும், போபேயின் மற்றோர் அதிகாரியும், ரியோ மாநிலப் பாதுகாப்பு நிர்வாகத்திலும் பின்னர் மத்திய அரசிலும் பொறுப்பு வகித்த மானிடவியலாளர் லூயிஸ் எடுவார்டோ சோரெஸும் சேர்ந்து எழுதிய நூல் 2006இல் வெளிவந்தது. படம் அந்த நூலோடு ஒட்டிப் பிறந்தது. இவர்களுடன் தேர்ந்த திரைக்கதையாளரான பிராவுலியோ மன்டோவானியும் இணைந்தார். ஆக, போலீஸைத் தூற்ற வந்த வெளியாட்களின் படமாகவோ போலீஸ் தன்னைப் புகழ்ந்துகொள்ள எடுத்த படமாகவோ இதை எளிதில் வகைப்படுத்த முடியாது. உள்ளே இருந்து களைத்து வெளியே வந்தவர்களின் கசப்பு இதன் ஒவ்வொரு காட்சியிலும் இருக்கிறது.

கதை நடக்கும் காலம் 1997. அந்த அக்டோபரில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் ரியோவுக்கு வருகிறார். பேராயரின் இல்லத்தில் தங்குகிறார். இல்லத்துக்கு அருகில் துரானோ என்ற குன்றுச் சேரி இருக்கிறது. விருந்தினரின் தூக்கத்தைத் துப்பாக்கிச் சத்தம் கெடுக்கக் கூடாது என்பதற்காக அந்தக் குன்றை முன்கூட்டியே 'சுத்தம்' செய்யும் பணி கேப்டன் நாசிமென்டோவிடம் ஒப்படைக்கப்படுகிறது. மனைவி கருவுற்றிருக்கிறாள், அவருக்கோ நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, மாத்திரை இல்லாமல் தூக்கம் இல்லை. தன் இடத்துக்கு ஒருவரைத் தேடிப்பிடித்துவிட்டு வெளியேற நினைக்கிறார். அவர் கண்ணில் படுகிறவர்கள் இருவர்: ஆத்திரக்காரனான நெட்டோ, சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டே போலீஸில் சேர்ந்த கறுப்பின இளைஞன் மத்தியாஸ்.

இந்த இருவரும் முதலில் பணியாற்றுவது சாதாரண ராணுவக் காவல்துறையில். பிரேசிலில் 1988 அரசமைப்புச் சட்டத்தின்படி போலீஸ் வேலை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. சீருடை அணிந்து தெருவில் ரோந்து சுற்றுவது ராணுவக் காவல்துறை. வழக்கைப் புலனாய்வு செய்வது குடிமைக் காவல்துறை. முன்னதற்குப் பெயரில் மட்டும் ராணுவம் இல்லை. பதவிப் படிகள், ஒழுங்கு விதிகள், தனி நீதிமன்றம் என்று எல்லாமே ராணுவச் சாயல் கொண்டவை. 1985இல் முடிந்த சர்வாதிகார ஆட்சி விட்டுச்சென்ற அமைப்பு, பெரிய மாற்றமின்றி மக்களாட்சிக்குள் நுழைந்துவிட்டது. பொதுமக்களை வேண்டுமென்றே கொன்ற ராணுவக் காவலர்களைப் பொது நீதிமன்றத்தில் ஜூரிகளின் முன் நிறுத்த வேண்டும் என்ற சட்டமே 1996இல்தான் வந்தது.

படத்தின் முதல் பாதி இந்த அமைப்பின் அன்றாடத்தைக் காட்டுகிறது. என் பார்வையில் மொத்தப் படத்திலும் தேர்ந்த பகுதி இதுதான். நெட்டோவுக்கு வண்டிப் பட்டறைப் பொறுப்பு. அங்கே புதிய என்ஜின்கள் கழற்றி விற்கப்பட்டு, ரோந்து வண்டிகள் நகர முடியாமல் நிற்கின்றன. மத்தியாஸுக்குப் புள்ளிவிவர மேசை. தன் எல்லைக்குள் பிணம் கிடந்தால் கொலைக் கணக்கு ஏறுமே என்று ஒரு பிரிவினர் பிணத்தை அடுத்த பிரிவின் எல்லையில் போட்டுவிட்டு வர, அங்கிருப்பவர்கள் அதை மறுபடி இங்கேயே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். விடுப்பு வேண்டும் என்றால் எழுத்தருக்குக் காசு. 'ஜோகோ டூ பீஷோ' எனப்படும் சட்டவிரோத விலங்கு லாட்டரிக்காரர்களிடமிருந்து மாதந்தோறும் மேலதிகாரிக்குப் பணம் வருகிறது. நெட்டோவும் மத்தியாஸும் அந்தப் பணத்தை இடையில் மறித்து, அதைக் கொண்டே போலீஸ் வண்டிகளைப் பழுதுபார்க்கிறார்கள். லஞ்சத்தைத் திருடினால்தான் அரசு வண்டி ஓடும் என்ற நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அந்தத் திருட்டின் பழி வேறோர் ஊழல் கேப்டன் மேல் விழ, அவரைத் தீர்த்துக்கட்டுவதற்காகவே பாபிலோனியா குன்றுக்கு அனுப்புகிறார்கள். படத்தைத் தொடக்கிவைக்கும் துப்பாக்கிச் சண்டை வெடிப்பது அங்கேதான்.

குன்றின் மேல் இருப்பவர்கள் யார் என்பதற்குப் படம் அதிக நேரம் ஒதுக்கவில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. சர்வாதிகாரக் காலத்தில் வங்கிக் கொள்ளையர்களும் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழேயே தண்டிக்கப்பட்டதால், இல்லா கிராண்டே தீவுச் சிறையில் அரசியல் கைதிகளோடு ஒரே பகுதியில் அடைக்கப்பட்டார்கள். கட்டுப்பாடு, பொது நிதி, சிறைக்குள் ஒருவருக்கொருவர் துணை நிற்பது போன்றவற்றை அங்கே கற்றுக்கொண்டு 1970களில் உருவான கூட்டமே 'கோமண்டோ வெர்மெல்யோ', அதாவது செங்கட்டளை. 1980களில் ஆண்டிஸ் மலைநாடுகளிலிருந்து கோகெய்ன் பெருவாரியாக வரத் தொடங்கியபோது, வங்கிக் கொள்ளையை விட்டுவிட்டு இந்தக் கும்பல் வியாபாரத்துக்கு மாறியது. நகரின் வசதியான தெற்குப் பகுதியை ஒட்டியே குன்றுச் சேரிகள் இருப்பதால் வாங்குபவர்களுக்கும் பஞ்சமில்லை. கும்பல் பிளவுபட்டு எதிர்க்கும்பல்கள் கிளைக்க, ஒவ்வொரு குன்றும் ஒரு கும்பலின் கைக்குப் போனது. குன்றுக்கு ஓர் 'உரிமையாளர்', அவருக்குக் கீழே மேலாளர்கள், விற்பவர்கள், துப்பாக்கி ஏந்திய 'சிப்பாய்கள்', போலீஸ் வருவதைக் கண்டால் வாணவெடி கொளுத்தும் சிறுவர்கள் என்று சம்பளப் பட்டியல் நீள்கிறது. 1990களில் அந்தச் சிப்பாய்களின் தோளில் ராணுவ ரைஃபிள்கள் வந்துவிட்டன. படப்பிடிப்பின்போது குழுவினரின் துப்பாக்கிகளையே குன்றுக்காரர்கள் பறித்துச் சென்றதால் சில காலம் வேலை நின்றது. போலித் துப்பாக்கிகளோடு, வெற்றுத் தோட்டாவுக்காக மாற்றியமைக்கப்பட்ட உண்மைத் துப்பாக்கிகளும் அவற்றில் இருந்தன.

வாணவெடி கொளுத்தும் சிறுவன் ஒருவன் படத்திலும் வருகிறான். போபே அவனைப் பிடித்து உலுக்கித் தகவலைக் கறந்துகொண்டு விட்டுவிடுகிறது. காட்டிக்கொடுத்தவனைக் கும்பல் உயிரோடு விடாது என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். சில நாள் கழித்து அந்தச் சிறுவனின் தாய் நாசிமென்டோவைத் தேடி வருகிறாள். அவள் கேட்பது நீதியை அல்ல. அடக்கம் செய்ய மகனின் உடல் கிடைத்தால் போதும் என்கிறாள். கேப்டனின் நெஞ்சுப் படபடப்பு அதன் பிறகு கூடுகிறது. போலீஸைக் கொண்டாட மட்டுமே எடுக்கப்பட்ட படத்தில் இந்தக் காட்சிக்கு இடம் இருந்திருக்காது.

போபே 1978இல் ராணுவக் காவல்துறைக்குள் ஒரு சிறு குழுவாகத் தொடங்கப்பட்டு, 1991இல் இன்றைய பெயரைப் பெற்றது. கறுப்புச் சீருடை, மண்டையோட்டில் கத்தி பாய்ந்து, பின்னால் இரண்டு கைத்துப்பாக்கிகள் குறுக்காக நிற்கும் சின்னம். சேரிக்குள் நுழைந்து தரையில் பிணங்களை விட்டு வருவதே எங்கள் வேலை என்ற பொருளில் அவர்கள் ஓடிக்கொண்டே பாடும் அணிவகுப்புப் பாட்டு படத்திலும் கேட்கிறது. பயிற்சி முகாம் காட்சிகளே படத்தில் அதிகம் பேசப்பட்டவை. சோற்றைத் தரையில் கொட்டி, சில நொடிகளுக்குள் கையால் வாரித் தின்னச் சொல்கிறார்கள். பாதியில் விலகியவர்களுக்கு அடையாளக் கல்லறை எழுப்புகிறார்கள். நள்ளிரவு வகுப்பில் ஒருவன் தூங்கி விழ, நாசிமென்டோ அவன் கையில் கையெறி குண்டைத் திணித்து ஊசியை உருவிவிடுகிறார்; அவன் தூங்கினால் வகுப்பு மொத்தமும் சாகும். வெளியேற அனுமதி கேள் என்று பயிற்சியாளர்கள் முகத்துக்கு நேராகக் கத்தும் வசனம் பிரேசிலில் பள்ளிப் பிள்ளைகளின் வாய் வரைக்கும் போயிற்று. ஊழல் பேர்வழிகளைச் சலித்தெடுப்பதற்காகவே இந்த வதை என்பது கதைசொல்லியின் விளக்கம். படத்தின் தர்க்கம் மொத்தமும் தொங்கிக்கொண்டிருக்கும் ஆணி இதுதான்: சாதாரணப் போலீஸ் அழுகிவிட்டது, போபே அழுகாது. ரியோவில் போலீஸ்காரனுக்கு மூன்றே வழிகள்தான், ஊழலில் சேரலாம், கண்ணை மூடிக்கொள்ளலாம், இல்லையேல் போருக்குப் போகலாம் என்று நாசிமென்டோ வகுத்துத் தருகிறார். மூன்றாம் வழியைத் தவிர மற்ற இரண்டும் மானக்கேடு என்று பார்வையாளருக்கு ஏற்கெனவே காட்டியாகிவிட்டது.

அவர் சொல்லாமல் விட்டதும் முக்கியம். 1995இல் ரியோ மாநில அரசு, 'துணிச்சல்' காட்டும் போலீஸாருக்குச் சம்பள உயர்வும் பதவி உயர்வும் வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மக்கள் அதை 'வைல்ட் வெஸ்ட் போனஸ்' என்ற பொருளில் அழைத்தார்கள். அதற்குப் பின்னால் நின்ற பாதுகாப்புச் செயலர் நில்டன் செர்கெய்ரா ஓய்வுபெற்ற ராணுவத் தளபதி. ஆயுதப் போராளி கார்லோஸ் லமார்காவை 1971இல் கொன்ற நடவடிக்கைக்குத் தலைமை தாங்கியவர். நடைமுறையில் துணிச்சல் என்பது பெரும்பாலும் யாரையாவது சுட்டுக்கொன்றதைக் குறித்தது. போலீஸ் சுட்டுக் கொன்றவர்களின் எண்ணிக்கை அந்த ஆண்டுகளில் ஏறியதை ஆய்வாளர் இக்னாசியோ கானோ பதிவுகளைக் கொண்டே நிறுவினார். அப்படிக் கொல்லப்பட்டவர்கள் 'எதிர்த்ததால் நேர்ந்த மரணம்' என்ற தலைப்பில் பதியப்பட்டார்கள். நம்மூரில் 'என்கவுன்டர்' என்ற பெயரில் முடிக்கப்படும் கோப்புகளைப் போல, அந்தத் தலைப்பு விழுந்த பிறகு விசாரணை அபூர்வம். படம் நடக்கும் 1997 இந்தத் திட்டம் நடப்பில் இருந்த காலம். கொல்வதற்கு அரசே ஊக்கத்தொகை கொடுத்த ஆண்டில் நடக்கும் கதையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இருந்திருந்தால், தூய போர்வீரன், அழுகிய அமைப்பு என்ற பிரிவினை அவ்வளவு எளிதாக நின்றிருக்காது.

இந்த இடத்தில்தான் குரலின் விஷயம் வருகிறது. மூலத் திரைக்கதையில் கதைசொல்லி மத்தியாஸ். நாசிமென்டோ பல பாத்திரங்களுள் ஒருவர். படத்தொகுப்பு மேசையில், தொகுப்பாளர் டேனியல் ரெசென்டேயுடன் அமர்ந்து எடுத்தவற்றைப் பார்த்தபோது, நாசிமென்டோவாக வரும் வாக்னர் மவுராவின் நடிப்பு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுவது தெரிந்தது. கதையை அவர் வாயில் கொடுத்துப் பின்னணிக் குரலைப் புதிதாக எழுதினார்கள். இந்த ஒரு மாற்றத்தால் படத்தின் அறம் இடம் மாறியது. சட்டம் படித்துக்கொண்டே மெல்ல மெல்லக் கொலைகாரனாக மாறும் ஓர் இளைஞன் தன் கதையைத் தானே சொல்லியிருந்தால் அது ஒரு வீழ்ச்சியின் கதை. அவனை அப்படி மாற்றியவர் சொல்லும்போது அதுவே ஒரு வெற்றிகரமான ஆள்சேர்ப்பின் கதையாகிவிடுகிறது. ஃபாத்திமா டோலேடோவின் பயிற்சியில், எழுதிய வசனத்தை ஒப்பிக்காமல் நடிகர்கள் காட்சியில் தாமாகவே பேசியதும், லூலா கார்வால்யோவின் கேமரா தோளில் குலுங்கிக்கொண்டே ஓடுவதும் அந்தக் குரலுக்கு ஆவணப்படத்தின் நம்பகத்தன்மையைச் சேர்த்துவிட்டன.

படத்தின் முதல் சட்டகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் மேற்கோள் ஒன்று வருகிறது. மனிதர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அவருடைய குணம் அல்ல, அவர் நிறுத்தப்பட்டிருக்கும் சூழலே என்பது அதன் சாரம். இயக்குநரின் நிலைப்பாடு அதுதான்: கும்பல்காரன், லஞ்சப் போலீஸ், போபே கேப்டன் மூவருமே ஒரு சூழலின் விளைபொருள்கள். கதைசொல்லியோ அடுத்த நொடியிலிருந்து நேர்மாறாகப் பேசுகிறார். அவருக்கு எல்லாமே குணம்தான், மானமுள்ளவன் மானமற்றவன் என்ற இரண்டு சாதிகள்தான் உலகில் உண்டு. இந்த முரண் தெரிந்தே வைக்கப்பட்டதாக இருக்கலாம். ஆனால் மேற்கோள் சில நொடிகளில் மறைந்துவிடுகிறது, குரலோ கடைசி வரை ஒலிக்கிறது.

அந்தக் குரலின் வாதங்களிலேயே அதிகம் எடுபட்டது போதைப்பொருள் வாங்குபவர்களைப் பற்றியது. மத்தியாஸின் கல்லூரித் தோழர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள். வகுப்பில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவின் 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலை வைத்துப் போலீஸ் அடக்குமுறையைப் பற்றி விவாதிப்பார்கள். குன்றின் மேல் தொண்டு நிறுவனம் நடத்துவார்கள். அந்தக் குன்றை ஆளும் பயானோவிடமிருந்தே கஞ்சா வாங்கிக் கல்லூரியில் விற்பார்கள். ஒரு சோதனையில் பிடிபட்ட மாணவனை நாசிமென்டோ பிணத்தருகே இழுத்துச் சென்று, இவனைக் கொன்றது யார் என்று கேட்கிறார். நீங்கள்தான் என்று அவன் சொல்ல, கன்னத்தில் அறைந்து, தலையைக் காயத்தை நோக்கி அழுத்தி, இதற்குக் காசு கொடுக்கும் நீதான் கொன்றாய் என்கிறார். இரட்டை வேடத்தைப் படம் பிடித்த விதத்தில் உண்மை உண்டு. ஆனால் வாதமாக அது பாதிதான். கஞ்சாவைக் குற்றமாக்கியது யார், துப்பாக்கிகள் எந்தக் கைகள் வழியாகக் குன்றுக்கு ஏறின, அவற்றில் எத்தனை போலீஸ் கிடங்கிலிருந்தே போயின என்ற கேள்விகளையெல்லாம் கன்னத்தில் விழுந்த அந்த அறை மூடிவிடுகிறது. வாதத்தில் தோற்கக்கூடிய எதிராளியாகத் திரைக்கதை ஒரு மாணவனை மட்டும் நிறுத்தியிருப்பதைக் கவனிக்க வேண்டும். சேரியில் வாழும் ஒருவர் கேப்டனிடம் எதிர்வாதம் பேசும் காட்சி ஒன்றுகூட இல்லை.

பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டி மூச்சுத் திணறடிக்கும் விசாரணை படத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் அது பலன் தருகிறது. பையைக் கழற்றியதும் உண்மையான தகவல் கிடைக்கிறது. வதையின் கீழ் வாய்க்கு வந்த பெயரைச் சொல்பவர்களே அதிகம் என்று உலகம் முழுவதும் தெரிந்த பின்னும், இந்தப் படத்தில் யாரும் தவறான வீட்டைக் காட்டுவதில்லை. படத்தின் மீதான பாசிசக் குற்றச்சாட்டில் எனக்கு ஏற்புடைய பகுதி இதுவே. நண்பன் நெட்டோவைக் கொன்ற பயானோவைத் தேடிப் போகும் கடைசி வேட்டையும் இதே வழியில்தான் நடக்கிறது. அடிபட்டுக் கிடக்கும் பயானோ, அடக்கத்தின்போது பெட்டியில் பார்க்க முகமாவது இருக்கட்டும், முகத்தில் மட்டும் சுடாதே என்று கெஞ்சுகிறான். மத்தியாஸ் துப்பாக்கியைக் கேமராவை நோக்கி நீட்டுகிறான், திரை வெளுக்கிறது. குறி வைக்கப்பட்டது பார்வையாளரின் முகம் என்று இயக்குநர் நினைத்திருக்கக்கூடும். அரங்கில் இருந்தவர்கள் துப்பாக்கியின் பின்னால் இருந்தே பார்த்தார்கள்.

அதற்கு அந்த ஆண்டின் சூழலும் காரணம். ரியோவில் பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டிகள் தொடங்கவிருந்த நிலையில், 2007 ஜூன் 27 அன்று அலெமாவோ சேரித் தொகுதியில் நடந்த பெரும் போலீஸ் நடவடிக்கையில் ஒரே நாளில் 19 பேர் கொல்லப்பட்டனர். அந்த ஆண்டு முழுவதிலும் ரியோ மாநிலப் போலீஸ் கொன்றவர்களின் எண்ணிக்கை 1,330. படம் டிவிடியாகத் தெருவுக்கு வந்தது அந்த நடவடிக்கைக்குச் சில வாரங்கள் கழித்து. கைக்கடிகாரத்தைப் பறிகொடுத்த பிரபலத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர், நாசிமென்டோவைக் கூப்பிடுங்கள் என்று நாளிதழில் எழுதினார். முன்னணி வார இதழொன்று கேப்டனை அட்டையில் ஏற்றியது. அடுத்த கார்னிவலில் மண்டையோட்டுச் சின்னம் பொறித்த கறுப்புச் சீருடை வேடமாகவே விற்றது. வேடிக்கை என்னவென்றால், சித்திரவதை செய்பவர்களாகத் தங்களைக் காட்டியதாகச் சொல்லி, படத்தைத் தடுக்க நீதிமன்றம் போனவர்களில் போபே அதிகாரிகளே இருந்தனர். அவர்கள் அவமானமாகக் கருதியதையே பார்வையாளர்கள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள்.

2010இல் வந்த இரண்டாம் பாகத்தை, முதல் பாகம் வரவேற்கப்பட்ட விதத்துக்கு இயக்குநர் எழுதிய பதிலாகவே பார்க்கிறேன். தொடக்கத்தில் ஒரு சிறைக் கலவரம் கொலைகளில் முடிகிறது. வேலை போய்விடும் என்று எண்ணிக்கொண்டு உணவகத்துக்குள் நுழையும் நாசிமென்டோவை அங்கிருப்பவர்கள் எழுந்து கைதட்டி வரவேற்கிறார்கள். கைதட்டலைக் கணக்கிட்ட அரசு அவரைப் பணிநீக்கம் செய்யாமல் பாதுகாப்புத் துறையில் மேலே ஏற்றுகிறது. கைக்கு வந்த அதிகாரத்தைக் கொண்டு போபேயைப் பெருக்கி, குன்றுகளிலிருந்து கும்பல்களை விரட்டுகிறார். காலியான இடத்தில் வந்து உட்காருவது ஊழல் போலீஸ்காரர்களே. கேபிள் இணைப்பு, சமையல் எரிவாயு, வேன் போக்குவரத்து, 'பாதுகாப்பு' எல்லாவற்றுக்கும் குடியிருப்போரிடம் வசூல் செய்து, தேர்தலில் வாக்குகளையும் திரட்டித் தரும் 'மிலீசியா' கும்பல்கள் அவை. நாசிமென்டோ நடத்திய போர் அவர்களுக்கு நிலத்தைச் சீர்செய்து கொடுத்திருக்கிறது.

இதன் பின்னணி அப்போதைய நடப்பு. 2008 மே மாதம் பாட்டான் சேரியில் செய்தி சேகரிக்கத் தங்கியிருந்த நாளிதழ்க் குழுவினர் மிலீசியாவிடம் பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளானார்கள். அதையடுத்து மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மார்செலோ ஃப்ரெய்ஷோவின் தலைமையில் விசாரணைக் குழு அமைந்து, அரசியல்வாதிகள், போலீஸார் உட்பட 200க்கும் மேற்பட்டோர் மீது நடவடிக்கை கோரியது. படத்தில் வரும் மனித உரிமைச் செயல்பாட்டாளர் ஃப்ராகா அவரை முன்மாதிரியாகக் கொண்டவர். முதல் பாகத்தில் கேலிக்குள்ளான 'மனித உரிமைக்காரர்' இரண்டாம் பாகத்தில் சரியாகச் சொன்னவராகிறார். திருட்டுப் பிரதி கசியாமல் கடுமையாகக் காவல் காக்கப்பட்ட இந்தப் படத்தைத் திரையரங்கில் 1.1 கோடிப் பேர் பார்த்தனர். அதுவரை எந்தப் பிரேசில் படமும் தொடாத எண்ணிக்கை அது. நாசிமென்டோ ஓர் அரசியல்வாதியைக் காரிலிருந்து இழுத்துப்போட்டு அடிக்கும் காட்சிக்கு மறுபடியும் கைதட்டல் எழுந்தது. உணவகக் காட்சியின் கிண்டல் பலரைத் தொடவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

போபே அழுகாது என்ற முதல் பாகத்தின் அடிப்படை, திரைக்கு வெளியே தாக்குப்பிடிக்கவில்லை. போபேயில் கேப்டனாக இருந்து 2014இல் காவல்துறையிலிருந்து நீக்கப்பட்ட அட்ரியானோ டா நோப்ரெகா, மிலீசியாவோடு தொடர்புடைய கூலிக்கொலைக் கும்பலொன்றின் தலைவர் என்று குற்றம் சாட்டப்பட்டுத் தலைமறைவாக இருந்தார். 2020 பிப்ரவரியில் பாயியா மாநிலத்தில் போலீஸ் அவரைச் சுட்டுக்கொன்றது. ஃப்ரெய்ஷோவின் அலுவலகத்தில் பணியாற்றி, பின் நகரமன்ற உறுப்பினரான மரியெல் ஃப்ராங்கோ 2018 மார்ச் 14 அன்று காரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக 2024இல் தண்டிக்கப்பட்ட இருவரும் முன்னாள் ராணுவக் காவலர்கள். கும்பல்களை வெளியேற்றிச் சேரிகளில் நிரந்தரமாகத் தங்க 2008இல் தொடங்கப்பட்ட அமைதிப் போலீஸ் பிரிவுகளின் பெயரைக் கெடுத்தது, ரோசின்யா சேரியில் 2013இல் அமரில்டோ டி சோசா என்ற கட்டடத் தொழிலாளி காணாமல் போனது. அவரைப் பிடித்துச் சென்று சித்திரவதை செய்து கொன்றதாகப் போலீஸார் பலர் 2016இல் தண்டனை பெற்றனர். அந்த வழக்கிலும் பிளாஸ்டிக் பை வருகிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு வரைபடத்தின்படி, ரியோ நகர நிலப்பரப்பில் பாதிக்கு மேல் மிலீசியாக்களின் பிடியில் இருந்தது.

2025 அக்டோபர் 28 அன்று அலெமாவோ, பென்யா சேரித் தொகுதிகளில் செங்கட்டளைக் கும்பலுக்கு எதிராக நடந்த நடவடிக்கையில், போலீஸார் சிலர் உட்பட 120க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குன்றின் பின்புறக் காட்டில் போபே அணிவகுத்துத் தப்பி ஓடுபவர்களை மறித்தது. மறுநாள் குடியிருப்போரே காட்டுக்குள் போய் உடல்களைச் சுமந்து வந்து தெருவில் கிடத்தினர். கருத்துக்கணிப்புகளில் ரியோ மக்களில் பெரும்பான்மையினர் நடவடிக்கையை ஆதரித்தனர். அவர்களையெல்லாம் ஒரு படம் உருவாக்கியது என்று சொல்வது அபத்தம். கும்பலின் கீழ் வாழ்வதன் அச்சமும் சலிப்பும் படத்துக்கு முன்பே இருந்தவை, இன்றும் இருப்பவை. படம் அந்தச் சலிப்புக்கு ஒரு முகத்தையும் பேசும் தொனியையும் கொடுத்தது.

இன்று இதை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் இரண்டு பாகங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது. முதல் பாகத்தோடு நிறுத்திக்கொண்டால், இரண்டாம் பாகத்தின் இறுதியில் சட்டமன்ற விசாரணைக் குழுவின் முன் சாட்சியாக நின்று, ரியோவின் ராணுவக் காவல்துறையையே கலைக்க வேண்டும் என்று அதே நாசிமென்டோ சொல்வதைக் கேட்காமலேயே போய்விடுவோம்.